கல்வியியல் முனைவர் பட்ட ஆய்வாளர்களே, முதலில் பள்ளி நாட்காட்டியைப் பாருங்கள்

கல்வியியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த பலர் ஐந்தாம் ஆண்டிலும் தரவு திரட்டிக்கொண்டிருக்கிறார்கள். உழைப்பில் குறை இருக்காது. பல்கலைக்கழகக் கணக்கில் ஆண்டுக்கு 12 மாதம். பள்ளி நமக்காகக் கதவைத் திறந்து வைப்பதோ சில மாதங்கள்தான். இந்த வித்தியாசத்தைப் பதிவு செய்த முதல் வாரத்திலேயே யாராவது எடுத்துச் சொல்லியிருந்தால் பலருக்கு ஓர் ஆண்டாவது மிச்சமாகியிருக்கும்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூனில் திறந்ததும் சேர்க்கை, பாடநூல் வழங்குதல், பிரிவு பிரித்தல் என்று நாட்கள் ஓடிவிடும். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, அதையொட்டி விடுமுறை. அக்டோபர், நவம்பரில் ஆயுத பூஜை, தீபாவளி. கடலோர மாவட்டமென்றால் மழை விடுமுறையும் சேரும். டிசம்பரில் அரையாண்டு. பொங்கல் கழிந்த பிறகு 10, 12ஆம் வகுப்புகளை நெருங்கவே முடியாது: திருப்புதல் தேர்வு, செய்முறைத் தேர்வு, அடுத்து பொதுத்தேர்வு. அதனால் சோதனை முறை ஆய்வு செய்பவர்கள் 8, 9ஆம் வகுப்புகளைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். புதிய கற்பித்தல் முறை ஒன்றை 30 பாடவேளைகளில் நடத்திப் பார்க்கப் போகிறீர்கள். வாரத்துக்கு மூன்று பாடவேளைக்கு மேல் எந்த ஆசிரியரும் விட்டுத்தர மாட்டார்; அவருக்குப் பாடம் முடிக்க வேண்டும். ஆக 10 வாரம். முன்தேர்வு, பின்தேர்வுக்குத் தலா ஒரு வாரம் சேர்த்தால் 12. ஜூன் மூன்றாம் வாரம் தொடங்கினால் காலாண்டுத் தேர்வுக்கு முன் முடிக்கலாம். அக்டோபர் முதல் வாரம் தொடங்கினால் பின்தேர்வு அரையாண்டுத் தேர்வின் மேலேயே விழும். அந்த நேரத்தில் பிள்ளைகள் எழுதும் விடையில் உங்கள் கற்பித்தல் முறையின் பலன் எவ்வளவு, தேர்வுக்காகப் படித்ததன் பலன் எவ்வளவு என்று யாராலும் பிரிக்க முடியாது.

எனவே பின்னிருந்து திட்டமிடுங்கள். ஜூன் மூன்றாம் வாரம் வகுப்புக்குள் நுழைய வேண்டுமென்றால், மே மாதத்துக்குள் அனுமதிக் கடிதம் கையில் இருக்க வேண்டும். ஏப்ரலுக்குள் ஆய்வுக் கருவி, அதாவது மாணவர்களிடம் கொடுக்கும் கேள்வித்தாள் அல்லது அளவுகோல், இறுதியாகியிருக்க வேண்டும். அதைப் பிள்ளைகளிடம் கொடுத்துச் சோதித்துப் பார்க்கும் முன்னோடி ஆய்வை பிப்ரவரியில் முடிக்க வேண்டும். அப்படியானால் கேள்விகளை எழுதத் தொடங்கும் மாதம் நவம்பர். கோர்ஸ் ஒர்க் (ஆய்வாளர் தொடக்கத்தில் படித்து முடிக்க வேண்டிய பாடங்கள்) முடியட்டும், பிறகு கருவியைப் பார்க்கலாம் என்று இருப்பவர்களுக்கு இங்கேதான் ஓராண்டு நழுவுகிறது.

அனுமதி விஷயத்தில் ஒன்று. அரசுப் பள்ளிகளுக்கு முதன்மைக் கல்வி அலுவலரின் கடிதம் வாங்குங்கள். இரண்டு மாவட்டங்களில் மாதிரி எடுத்தால் இரண்டு கடிதம். நெறியாளரின் கையொப்பத்தோடு போகும் விண்ணப்பத்தில் எந்த வகுப்பு, எத்தனை மாணவர், எத்தனை பாடவேளை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று எழுதி, கேள்வித்தாளின் நகலையும் இணையுங்கள். "தரவு திரட்ட அனுமதி வேண்டும்" என்ற ஒற்றை வரி விண்ணப்பம் மேசையிலேயே கிடக்கும். கேள்வித்தாளில் மாணவர் பெயர், சாதி, ஆதார் எண் போன்றவை வேண்டாம். வரிசை எண்ணும் பள்ளிக் குறியீடும் போதும். பங்கேற்பவர்கள் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் என்பதால் பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். தமிழில், ஒரே பக்கத்தில், படித்தால் புரியும்படி இருக்கட்டும்.

கருவிக்கு வருவோம். ஆய்வேட்டின் உயிர் அதில்தான் இருக்கிறது. ஆங்கில அளவுகோலை அப்படியே மொழிபெயர்த்து வரும் வாக்கியம் ஒன்று: "வீட்டுப்பாடம் செய்யாமல் இருப்பது எனக்குக் கவலை தராது." இதற்கு எதிரே "முற்றிலும் மறுக்கிறேன்" என்று ஒரு கட்டம். 'செய்யாமல்', 'தராது', 'மறுக்கிறேன்' என்று மூன்று எதிர்மறைகளைத் தாண்டி எட்டாம் வகுப்புப் பிள்ளை எந்தக் கட்டத்தில் டிக் போடும்? "வீட்டுப்பாடம் விடுபட்டால் எனக்குக் கவலையாக இருக்கும்" என்று எழுதினால் பிரச்சினையே இல்லை. அதேபோல் "கணக்கு எனக்குப் பிடிக்கும், அதில் நிறைய மதிப்பெண் எடுப்பேன்" என்பது இரண்டு கேள்வி. பிடிக்கும், ஆனால் மதிப்பெண் வராது என்ற பிள்ளைக்கு அதில் இடமில்லை. மொழிபெயர்த்த கருவியை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவரிடம் கொடுத்து மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றச் சொல்லி ஒப்பிட்டால் இத்தகைய இடங்கள் பல தெரிந்துவிடும். பிறகு ஐந்து பிள்ளைகளை உட்காரவைத்து ஒவ்வொரு வாக்கியத்தையும் வாசித்து, என்ன புரிந்தது என்று கேளுங்கள். நிபுணர்கள் தவறவிடுவதை அவர்கள் பிடித்துவிடுவார்கள்.

நீளத்திலும் கவனம் தேவை. பாடவேளை 40 நிமிடம் என்றால் தாள் கொடுக்கவும் விளக்கவும் 10 நிமிடம் போகும். 60 வாக்கியம் கொடுத்தால் 35ஆவது வாக்கியத்துக்குப் பிறகு நடுக் கட்டத்திலேயே வரிசையாக டிக் இறங்கும். அந்த விடைத்தாளை வைத்து எந்தப் புள்ளியியலும் உருப்படியான எதையும் சொல்லாது.

முன்னோடி ஆய்வில் 370 விடைத்தாள் கிடைத்தால் கணக்கு எளிது. மொத்த மதிப்பெண்படி மேலிருந்து கீழாக அடுக்கி, மேலே 27 விழுக்காடு, கீழே 27 விழுக்காடு எடுத்தால் பக்கத்துக்கு 100 தாள். பாடத்தில் கற்றதை அளக்கும் அடைவுத் தேர்வாக இருந்தால் ஒவ்வொரு வினாவுக்கும் மேல் குழுவில் சரியாக எழுதியவர் எத்தனை, கீழ்க் குழுவில் எத்தனை என்று பாருங்கள். 72, 31 என்றால் வித்தியாசம் 41; அதை 100ஆல் வகுத்தால் அந்த வினாவின் வேறுபடுத்தும் திறன் 0.41; தாராளமாக வைத்துக்கொள்ளலாம். 0.20க்குக் கீழே போனால் நீக்குங்கள் அல்லது திருத்துங்கள். மனப்பான்மை அளவுகோலாக இருந்தால் இரு குழுக்களுக்கும் இடையிலான டி மதிப்பு (சராசரிகளின் வேறுபாட்டைக் காட்டும் புள்ளியியல் எண்) 1.75க்குக் குறைந்த வாக்கியங்களை விட்டுவிடுவது வழக்கம். நம்பகத்தன்மையைக் கணக்கிடும் முன் எதிர்மறை வாக்கியங்களின் மதிப்பெண்ணை 5, 4, 3, 2, 1 எனத் திருப்பிப் போட்டீர்களா என்று மறக்காமல் பாருங்கள். அதை மறந்தால் நம்பகத்தன்மையைக் காட்டும் ஆல்ஃபா மதிப்பு 0.4, 0.3 என்று விழும். நல்ல கருவியையே குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குவார்கள்.

புதிய முறையில் படிக்கும் சோதனைக் குழுவுக்கு ஆய்வாளர் பாடம் எடுத்து, வழக்கமான முறையில் படிக்கும் கட்டுப்பாட்டுக் குழுவுக்குப் பள்ளி ஆசிரியர் எடுத்தால், வந்த வேறுபாடு முறையாலா, ஆசிரியராலா என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்பார்கள். அதற்குப் பதில் கிடையாது. இரு குழுவுக்கும் ஒருவரே எடுக்க வேண்டும். ஒரே பள்ளியின் அ பிரிவையும் ஆ பிரிவையும் ஒப்பிட்டால் மதிய உணவு இடைவேளையில் குறிப்புகள் கைமாறும். ஒரே தரமுள்ள இரண்டு பள்ளிகள் கிடைத்தால் நல்லது. முன்தேர்வில் இருக்கும் வேறுபாட்டை ஆன்கோவா என்ற புள்ளியியல் முறை மூலம் சரிக்கட்டலாம்.

கால வரம்பையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2022இல் வந்த யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்து மேலும் 2 ஆண்டு வாங்கலாம். பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் இன்னும் 2 ஆண்டு சலுகை உண்டு. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 240 நாள் வரை கிடைக்கும். கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் ஓய்வுபெறும் ஆண்டையும் விசாரியுங்கள். பணி ஓய்வுக்கு 3 ஆண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதிய ஆய்வாளரை எடுக்கக் கூடாது என்பது விதி. பகுதிநேரமாகச் சேரும் ஆசிரியர்கள் வாங்கும் தடையில்லாச் சான்றில், கோர்ஸ் ஒர்க் முடிக்கத் தேவைப்பட்டால் பணியிலிருந்து விடுவிப்போம் என்ற வரி இருக்க வேண்டும். அது இல்லாமல் சேர்ந்து, வகுப்புக்குப் போக விடுப்பு கிடைக்காமல் தவிப்பவர்கள் நிறைய.

இன்னொரு எச்சரிக்கை. "மூன்று நாளில் வெளியீடு, ஸ்கோபஸ் (ஆய்விதழ்களின் தரவுத்தளம்) உறுதி" என்று வாட்ஸ்அப்பில் வரும் இதழ்களுக்குப் பணம் கட்டாதீர்கள். பெயர் பெற்ற இதழின் இணையதளத்தைப் போலவே போலித் தளம் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கக் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 விதி எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கிறதா என்று அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தமிழில் ஆய்வேடு எழுதுபவர்கள் முதல் இயலிலிருந்தே யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருவில் அடித்ததை பிறர் எழுத்தோடு ஒப்புமை காணும் மென்பொருள் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகவே படிக்கும். கடைசி வாரத்தில் 250 பக்கத்தை மாற்றினால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் திருத்தித் திரும்பச் சமர்ப்பிக்க வேண்டிவரும். நிரப்பிய விடைத்தாள்களைப் பள்ளிவாரியாகக் கட்டி, மேலே குறியீடும் தேதியும் எழுதி, வைவா முடியும்வரை பத்திரமாக வையுங்கள். அட்டவணையில் ஓர் எண்ணைக் காட்டித் தேர்வாளர் கேள்வி கேட்டால், எடுத்துக் காட்ட அந்தக் கட்டுதான் இருக்கும்.