ஒரே கரியமில வாயு, இரண்டு கணக்குகள்

"வறட்டியை எரித்தாலும் கரியமில வாயு, நிலக்கரியை எரித்தாலும் கரியமில வாயு. அப்புறம் ஒன்றை மட்டும் ஏன் புதுப்பிக்கத்தக்க எரிபொருள் என்கிறீர்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. புகையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அந்தக் கார்பன் காற்றைவிட்டு எப்போது பிரிந்தது என்று பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்.

மாடு இன்று போடும் சாணத்திலுள்ள கார்பனைச் சில மாதங்களுக்கு முன் நெற்பயிரோ சோளமோ காற்றிலிருந்து இழுத்தது. எரித்தால் காற்றுக்கே திரும்பும். அடுத்த போகத்துப் பயிர் மறுபடி இழுத்துக்கொள்ளும். நெய்வேலியில் வெட்டும் பழுப்பு நிலக்கரி பல கோடி ஆண்டுகளுக்கு முன் புதைந்த தாவரம். அதை எரிக்கும்போது, இன்றைய சுழற்சியில் இல்லாத கார்பனைப் புதிதாக உள்ளே கொண்டுவருகிறோம். இதை ஆய்வகத்தில் அளந்தே காட்டலாம். காற்று மண்டலத்தில் உருவாகும் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் அணுக்களில் பாதி 5,730 ஆண்டுகளில் சிதைந்துவிடும். சாணத்தில் அவை இருக்கும். நிலக்கரியில் அளக்கும் அளவுக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. குப்பையை எரிக்கும் மின்நிலையத்தின் புகையில் பெட்ரோலியத்திலிருந்து வந்த பிளாஸ்டிக்கின் பங்கு எவ்வளவு, காகிதம் மற்றும் உணவுக் கழிவின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பதும் இந்த முறையில்தான்.

ஆனால் உயிரிப்பொருள் என்று பெயர் வைத்துவிட்டாலே அது புதுப்பிக்கத்தக்கதாகிவிடாது. சவுக்கு நான்கைந்து ஆண்டுகளில் வெட்டுக்கு வரும். வெட்டிய இடத்தில் மறுபடி நட்டால் கணக்கு நேராகும். ஐம்பது வயதுக் காட்டு மரத்தை வெட்டி எரித்தால் அந்தக் கடன் அடையவும் ஐம்பது ஆண்டுகள் ஆகும். காற்றுக்கும் வெயிலுக்கும் இந்தக் கடன் கிடையாது. ஆனால் காற்றாலைகள் நிறைந்த முப்பந்தலில் காற்று பலமாக வீசுவது மே முதல் செப்டம்பர் வரை. வெயிலோ மாலையோடு சரி. உயிரிப்பொருளைச் சேர்த்துவைத்து வேண்டும்போது எடுக்கலாம். சர்க்கரை ஆலைகள் கரும்புச் சக்கையைக் கொதிகலனில் எரித்து ஆலையையும் ஓட்டி, மிச்ச மின்சாரத்தை விற்கவும் செய்வது இப்படித்தான்.

சாணத்துக்கு வருவோம். 50 கிலோ பச்சைச் சாணம் காய்ந்தால் சுமார் 10 கிலோ வறட்டி. கிலோவுக்குத் தாராளமாக 3,000 கிலோகலோரி என்று வைத்தால் மொத்தம் 30,000. வறட்டி அடுப்பின் திறன் 10 சதவீத அளவுதான் என்பதால் பாத்திரத்தில் ஏறுவது 3,000. அதே சாணத்தைக் காற்றுப் புகாத கோபர் கேஸ் (சாண எரிவாயு) கலனில் விட்டால் 2 கன மீட்டர் வாயு கிடைக்கும். அதில் சுமார் 9,400 கிலோகலோரி. எரிவாயு அடுப்பின் திறன் 55 சதவீதம் என்றால் பாத்திரத்துக்கு 5,000-க்கு மேல் போய்ச் சேரும். வறட்டியை எரித்தால் தழைச்சத்தும் புகையோடு போய்விடும். கலனில் விட்டால் அது கழிவுக் கரைசலில் தங்கி வயலுக்கு உரமாகும். வறட்டிப் புகை காற்றைச் சுத்தமாக்கும், கிருமியைக் கொல்லும் என்று இப்போதும் பகிர்கிறார்கள். அந்தப் புகையில் இருப்பவை கார்பன் மோனாக்சைடும் நுரையீரலின் ஆழம்வரை போகும் நுண்துகள்களும். அடுப்பங்கரையில் அதைச் சுவாசிப்பவர்கள் பெண்களும் குழந்தைகளும். இந்த நம்பிக்கைக்கு இடம் கொடுப்பது பெரும் தவறு.

கலனின் அளவைக் கணக்கிடுவது எளிது. சாணமும் தண்ணீரும் சம அளவு. 50 கிலோவுக்கு 50 லிட்டர் என்றால் தினமும் சுமார் 100 லிட்டர் கரைசல் உள்ளே போகும். தமிழகத்தின் வெப்பத்தில் அது 30 நாள் உள்ளே தங்கினால் போதும். ஆகவே கரைசலுக்கு 3,000 லிட்டர் இடம் வேண்டும். வாயுவுக்கு மேலே தனி இடம். நான்கைந்து மாடுகள் இருக்கிற, ஐந்தாறு பேர் சாப்பிடுகிற வீட்டின் சமையலுக்கு இது சரியாக இருக்கும்.

உள்ளே நடப்பதுதான் அற்புதம். முதலில் ஒரு வகை பாக்டீரியாக்கள் நார், கொழுப்பு, புரதம் எல்லாவற்றையும் சிறு மூலக்கூறுகளாக வெட்டுகின்றன. அடுத்த வகை அவற்றை அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்களாகவும் ஹைட்ரஜனாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும். கடைசியில் வருபவை மீத்தேன் ஆக்கிகள். இவை பாக்டீரியாக்கள் அல்ல, ஆர்க்கியா என்ற தனிக் குலம். ஆக்சிஜன் பட்டால் முடங்கிப்போகும். பெரும் பங்கு மீத்தேனை அசிட்டிக் அமிலத்திலிருந்தும், மீதியை ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் சேர்த்தும் இவை உண்டாக்குகின்றன.

இடையில் ஒரு சிக்கல் இருக்கிறது. புரோப்பியோனிக் அமிலத்தை உடைத்தால் அசிட்டிக் அமிலமும் ஹைட்ரஜனும் வரும். ஆனால் சாதாரண நிலையில் இந்த வினை ஆற்றலைத் தராது. மாறாக, மோலுக்கு (வேதியியலில் பொருளை அளக்கும் அலகு) 76 கிலோஜூல் ஆற்றலைக் கேட்கும். நஷ்டத்தில் எந்த உயிரும் வாழ முடியாது. பிறகு எப்படி நடக்கிறது? விளைபொருளான ஹைட்ரஜனை உடனுக்குடன் அப்புறப்படுத்தினால் வினையின் திசையே மாறும். கலனுக்குள் ஹைட்ரஜனின் பகுதி அழுத்தம், அதாவது மொத்த அழுத்தத்தில் ஹைட்ரஜன் மட்டும் தரும் பங்கு, ஒரு வளிமண்டல அழுத்தத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருந்தால்தான் புரோப்பியோனிக் அமிலத்தை உடைக்கும் பாக்டீரியாவுக்கு ஏதாவது மிஞ்சும். அப்படிக் குறைத்து வைப்பவை, பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு ஹைட்ரஜனைத் தின்னும் மீத்தேன் ஆக்கிகள். கடைமடை திறக்காமல் மேல்வயல் தண்ணீர் நகராது என்பதைப்போல, கடைசி ஆள் இழுத்தால்தான் முந்தைய ஆளின் வேலை ஓடும்.

இந்த உறவு எவ்வளவு நெருக்கமானது என்பதற்கு ஒரு சான்று உண்டு. எத்தனாலிலிருந்து மீத்தேன் தயாரிக்கும் தனியொரு நுண்ணுயிரி என்று 'மெத்தனோபேசிலஸ் ஒமெலியான்ஸ்கி'யைப் பல ஆண்டுகள் ஆய்வகங்களில் வளர்த்துவந்தார்கள். 1967-இல் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் மார்வின் பிரையண்டும் அவரது குழுவினரும் அது ஒரு உயிரி அல்ல, இரண்டு என்று காட்டினார்கள். ஒன்று எத்தனாலை உடைத்து ஹைட்ரஜனை விடுகிறது, மற்றது அந்த ஹைட்ரஜனை எடுத்து மீத்தேனாக்குகிறது. பிரித்துவைத்தபோது முதலாவது எத்தனாலில் சரியாக வளரவே இல்லை.

இது புரிந்தால் கோபர் கேஸ் ஏன் கெட்டுப்போகிறது என்பதும் புரியும். கல்யாண வீட்டு மிச்சச் சோற்றை மொத்தமாகக் கொட்டினால் அமிலம் ஆக்கும் பாக்டீரியாக்கள் சில மணி நேரத்தில் பெருகிவிடும். மீத்தேன் ஆக்கிகள் இரட்டிப்பாக நாள்கணக்கில் ஆகும். ஹைட்ரஜன் தேங்கும், புரோப்பியோனிக் அமிலம் உடையாமல் சேரும், பிஎச் (அமிலம் கூடினால் குறையும் எண்) 6.5-க்குக் கீழே இறங்கும், மீத்தேன் ஆக்கிகள் இன்னும் முடங்கும். முதல் அறிகுறி வாயு குறைவது அல்ல. வாயு வரும், ஆனால் சுடர் பற்றாது அல்லது அடுப்பைவிட்டு எழும்பும். அதில் கரியமில வாயு கூடிவிட்டது என்று பொருள். உடனே ஒரு வாரம் எதையும் போடாமல் நிறுத்துங்கள். பிஎச் தாளில் பார்த்துக்கொண்டே சுண்ணாம்புத் தெளிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். நன்றாக ஓடும் வேறொரு கலனின் கரைசலை நாலைந்து குடம் ஊற்றுவது இன்னும் நல்லது. வேகமாகக் கலக்கிவிட வேண்டாம்; ஒட்டி வாழும் கூட்டாளிகளைப் பிரித்தால் வேலை தாமதமாகும்.

மற்ற கோளாறுகள் எளியவை. சுடர் விட்டுவிட்டு எரிந்தால் குழாயில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. குழாயின் மிகத் தாழ்ந்த இடத்தில் வடிகால் வைத்துத் திறந்துவிட வேண்டும். அடுப்பு துருப்பிடித்தால் கோபர் கேஸில் கலந்திருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு காரணம். இரும்புத் துருவல் நிரப்பிய குழாய் வழியாக வாயுவை விட்டால் குறையும். தொழுவத்தைக் கூட்டி அள்ளிய சாணத்தோடு வரும் மணல் அடியில் படிந்து கொள்ளளவைக் குறைக்கும். ஊட்டி போன்ற இடங்களில் குளிர்காலத்தில் வாயு வெகுவாகக் குறையும். குளிரிலும் சுறுசுறுப்பாக இருக்கும் நுண்ணுயிர்க் கூட்டங்களை வளர்த்தெடுக்கும் ஆராய்ச்சிக்கு நிதி தாராளமாக வேண்டும். மானியம் கலன் கட்டுவதோடு நின்றுவிட்டால் மூன்றாம் வருடம் அது மாட்டுத்தொழுவ மூலையில் காலித் தொட்டியாகக் கிடக்கும். பராமரிப்பவருக்கும் சம்பளம் வேண்டும் என்பதைத் திட்டம் போடுகிறவர்கள் ஏற்க வேண்டும்.

கலனைச் சுத்தம் செய்ய யாரையும் உள்ளே இறக்காதீர்கள். காலியாகத் தெரியும் கலனிலும் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும், ஆக்சிஜன் இருக்காது. காப்பாற்ற இறங்குபவரும் சேர்ந்து இறந்துபோவார்.

கசிவு இன்னொரு ஆபத்து. ஒரு கன மீட்டர் கோபர் கேஸில் சுமார் 0.4 கிலோ மீத்தேன் இருக்கும். எரித்தால் அதிலிருந்து 1.1 கிலோ கரியமில வாயு வரும். அதுவும் சுழற்சிக்குள் உள்ளதுதான். எரிக்காமல் கசியவிட்டால், நூறு ஆண்டுக் கணக்கில் 11 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான சூட்டைக் கூட்டும். புதுப்பிக்கத்தக்கது என்ற பெயருக்கே அப்போது அர்த்தம் போய்விடும். மாதம் ஒருமுறை இணைப்புகளிலும் வால்விலும் சோப்புத் தண்ணீரைத் தடவிப் பாருங்கள். குமிழி எழும்பும் இடத்தை அன்றே அடைத்துவிடுங்கள்.