இரண்டு நிமிட ஹார்மோனும் ஒரு வார ஊசியும்

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். மகளுக்கு 29 வயது, 96 கிலோ எடை, இரத்த அழுத்தமும் சேர்ந்துகொண்டது. எடை குறைய வாரம் ஒரு முறை போட்டுக்கொள்ளும் செமாகுளூட்டைடு ஊசியை மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். "நிறுத்தினால் எடை திரும்பிவிடும், தொடர்ந்து போட வேண்டும் என்கிறார்கள். பத்து வருடம் போட்டால் உடம்புக்குள் என்ன நடக்கும் என்று கேட்டால் யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை. பெற்ற வயிறு கேட்கிறது, நீங்களாவது சொல்லுங்கள்." கடிதத்தின் அடியில், பிறகு நினைவுக்கு வந்ததுபோல் ஒரு வரி: ஆவணியில் மகளுக்குக் கல்யாணம்.

அந்தத் தாயின் பயம் வீண் பயம் இல்லை. எடைக் குறைப்பு மருந்துகளின் பழைய கதை தெரிந்த எவரும் இதே கேள்வியைத்தான் கேட்பார்கள். 1930களில் அமெரிக்காவில் மெலிவதற்காக டைநைட்ரோஃபீனால் என்ற வேதிப்பொருளை விழுங்கினார்கள். பலருக்குக் கண்புரை வந்தது, சிலர் உடல் சூடு ஏறி இறந்தார்கள். 2006இல் ஐரோப்பாவில் ரிமோனபான்ட் வந்தது. மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் கூடியதால் 2008இலேயே நிறுத்தப்பட்டது. ஆனால் நான் விரிவாகச் சொல்ல விரும்புவது ஃபென்ஃபுளூரமைனைப் பற்றி.

அது மூளையில் செரோட்டோனின் என்ற செய்தி வேதிப்பொருளைக் கூட்டிப் பசியை அடக்கும் மாத்திரை. 1990களில் அமெரிக்காவில் லட்சக்கணக்கானோர் அதை இன்னொரு மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டார்கள். 1997இல் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 24 பெண்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். எல்லோரும் அந்த மாத்திரைகளைச் சாப்பிட்டவர்கள். எல்லோருக்கும் இதய வால்வு கெட்டிருந்தது. பசியை அடக்கும் மருந்துக்கு வால்வில் என்ன வேலை? கல்லீரல் ஃபென்ஃபுளூரமைனை வேறொரு மூலக்கூறாக மாற்றுகிறது. அந்த மூலக்கூறு செரோட்டோனினுக்கான ஏற்பிகளில், அதாவது செல்லின் மேல் செய்தியை வாங்கும் பூட்டுகளில், 2பி என்ற வகையில் அழகாகப் பொருந்துகிறது. அந்த வகை ஏற்பி வால்வின் செல்களில் இருக்கிறது. அதைத் தட்டிக்கொண்டே இருந்தால் செல்கள் பெருகுகின்றன, வால்வின் இதழ் தடிக்கிறது, வெண்மையான பூச்சு படிகிறது, கடைசியில் இதழ்கள் சரியாக மூடாமல் இரத்தம் பின்னோக்கிக் கசிகிறது. பூட்டு ஒன்று பசியின் அறையில். அதே சாயலில் இன்னொன்று இதயத்தின் கதவில். சாவி இரண்டையும் திறந்துவிட்டது. அந்த ஆண்டு செப்டம்பரிலேயே மருந்து திரும்பப் பெறப்பட்டது. (அதே மருந்து 2020இல், டிரவே எனும் கடுமையான குழந்தைப் பருவ வலிப்பு நோய்க்கு, இதயத்தை எக்கோ எடுத்துக் கண்காணிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு திரும்பி வந்திருக்கிறது. மருந்தை நல்லது கெட்டது என்று பிரிக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.)

எனவே பத்து வருடக் கேள்வியை இப்படிக் கேட்க வேண்டும்: செமாகுளூட்டைடு எந்தப் பூட்டுக்கான சாவி? அந்தப் பூட்டு உடம்பில் வேறு எங்கெல்லாம் இருக்கிறது? அதை எவ்வளவு நேரம் திறந்தே வைக்கிறோம்?

நாம் சாப்பிட்டதும் குடலின் சுவரில் உள்ள எல் செல்கள் ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. முப்பது அமினோ அமிலங்களைக் கோத்த சிறிய சரம். அது கணையத்திடம் இன்சுலினைக் கேட்கிறது, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது, மூளையிடம் "போதும்" என்கிறது. ஆனால் இரத்தத்தில் கலந்த இரண்டே நிமிடத்தில் அதன் அளவு பாதியாகிவிடுகிறது. டிபிபி-4 என்றொரு நொதி காத்திருந்து, சரத்தின் முனையில் இரண்டு மணிகளைக் கத்தரித்துவிடும். முனை போனால் பூட்டில் பொருந்தாது. இயற்கை இதைத் தெரிந்தே செய்திருக்கிறது: சாப்பாட்டுச் செய்தி சாப்பாட்டு நேரத்தோடு முடிய வேண்டும். மருந்தாக்க நினைத்தவர்களுக்கு அதுவே பெரிய முட்டுக்கட்டை. இரண்டு நிமிடம் நிற்கும் மருந்தை யார் ஊசியில் ஏற்றுவது?

முதல் வழியைக் காட்டியது ஒரு பல்லி. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஜான் எங், ஹீலா மான்ஸ்டர் எனும் பாலைவனப் பல்லியின் நஞ்சில் புதிய ஹார்மோன்களைத் தேடினார். 1992இல் எக்ஸெண்டின்-4 கிடைத்தது. பாதிக்கு மேல் ஜி.எல்.பி.-1இன் சாயல், ஆனால் இரண்டாம் மணி வேறு. நொதி வெட்டத் தடுமாறியது. அதிலிருந்து வந்த எக்ஸெனடைடு 2005இல் நீரிழிவு மருந்தானது. நம் நாட்காட்டிகளின் பின்பக்கத்தில் பல்லி விழும் பலன் இன்னமும் அச்சாகிறது. பல்லியால் மனிதனுக்குக் கிடைத்த மெய்யான பலன் இது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். "பாலைவனப் பல்லியின் எச்சிலை ஆராய நிதி வேண்டும்" என்று நம் ஊரில் ஒருவர் விண்ணப்பித்திருந்தால், உடனடிப் பயன் என்ன என்று கேட்டே அந்தக் கோப்பை மூடியிருப்போம். பயன் தெரியாத ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் பொறுமை நமக்கு வர வேண்டும். இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுவேன்.

எக்ஸெனடைடையும் நாளுக்கு இரண்டு முறை குத்த வேண்டியிருந்தது. இரண்டு நிமிடத்தை ஒரு வாரமாக நீட்டியது டென்மார்க்கில், லோட்டே பியெர்ரே நுட்சென் என்ற பெண் விஞ்ஞானியின் வழிகாட்டலில் நடந்த வேலை; அதில் பிறந்ததுதான் செமாகுளூட்டைடு. அவர்கள் முதலில் பார்த்தது, நொதி வெட்டும் இடத்தில் இருக்கும் அலனின் என்ற மணியை. அதன் மேல் ஒரே ஒரு மீத்தைல் தொகுதியை, அதாவது ஒரு கார்பனையும் மூன்று ஹைட்ரஜனையும், கூடுதலாக ஒட்டிய மணியை அங்கே வைத்தார்கள். அவ்வளவுதான். கத்தரியின் இரு அலகுகளுக்கு நடுவே ஒரு கடுகு சிக்கினால் எப்படி மூடாதோ, அப்படி டிபிபி-4 தோற்றது. ஆனால் பூட்டுக்கு அந்தக் கடுகு இடைஞ்சலே இல்லை.

நொதியிடம் தப்பினாலும் சிறுநீரகம் இருக்கிறது. இவ்வளவு சிறிய சரத்தை அது வடிகட்டிவிடும். அதற்குத்தான் நான் பல வருடங்களாக வியக்கும் இரண்டாவது ஏற்பாடு. நம் இரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் லிட்டருக்கு நாற்பது கிராம் அளவில் மிதக்கிறது. வடிகட்டியின் ஓட்டைகளில் நுழையாத பெரிய உருவம். அதன் அன்றாட வேலைகளில் ஒன்று கொழுப்பு அமிலங்களைத் தூக்கிச் செல்வது. அதற்கென்றே தன் மேல் குழிகள் வைத்திருக்கிறது. செமாகுளூட்டைடின் நடுவே பதினெட்டு கார்பன் நீளமுள்ள கொழுப்பு அமில வால் ஒன்றைத் தொங்கவிட்டார்கள். அல்புமின் அதைத் தன் வழக்கமான சுமை என்று எடுத்துக்கொள்கிறது. நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்குக்கும் மேல் மருந்து அல்புமினோடு ஒட்டியே பயணம் செய்கிறது. அவ்வப்போது ஒரு மூலக்கூறு இறங்குகிறது, பூட்டைத் திறக்கிறது, மற்றவை ஏறியே இருக்கின்றன. அளவு பாதியாவதற்கு ஏறத்தாழ ஏழு நாள் ஆகிறது. கொழுப்பைக் குறைக்கும் மருந்து, கொழுப்பு வேடமிட்டு ஊர்வலம் போகிறது!

இந்த அழகுக்குள்தான் பாதுகாப்புக் கேள்வியும் இருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் ஒலிக்க வேண்டிய மணி இப்போது இரவும் பகலும் ஒலிக்கிறது. அந்த ஒலியைக் கேட்கும் இடங்கள் பல. மூளையின் அடியில் உள்ள முகுளத்தின் ஓரத்தில், இரத்தத்தில் நஞ்சு இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்து வாந்தியைத் தூண்டும் பகுதி ஒன்று உண்டு. அங்கேயும் இந்த ஏற்பிகள் இருக்கின்றன. எனவேதான் நீரிழிவு இல்லாத பருமனானவர்களிடம் 68 வாரம் நடந்த ஆய்வில், செமாகுளூட்டைடு போட்டவர்களில் 44 சதவீதம் பேருக்குக் குமட்டல் வந்தது. இது பெரும்பாலும் தொடக்கத்தில் வந்து அடங்குவது, 0.25 மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாக 2.4க்கு ஏற்றுவது இதற்காகத்தான்.

பித்தப்பை மெதுவாகச் சுருங்குவதாலும் எடை வேகமாகக் குறைவதாலும் கற்கள் சேரலாம். அதே ஆய்வில் பித்தப்பைக் கோளாறு 2.6 சதவீதம், மருந்தில்லாத ஊசி போட்டவர்களிடம் 1.2. கணைய அழற்சி அரிதாக வருகிறது. வயிற்றில் விடாத கடும் வலி முதுகுவரை பரவினால் மருந்தை நிறுத்தி மருத்துவமனைக்குப் போக வேண்டும். எலிகளில் தைராய்டின் சி செல்களில் கட்டி வந்தது உண்மை. எலியின் அந்தச் செல்களில் இந்த ஏற்பிகள் ஏராளம், மனிதரிடம் மிகக் குறைவு. 2023இல் ஐரோப்பிய மருந்து முகமை தரவுகளை ஆராய்ந்து, மனிதரில் தைராய்டுப் புற்றுநோய்க்கும் இம்மருந்துகளுக்கும் காரணத் தொடர்புக்குச் சான்று இல்லை என்றது. ஆனாலும் குடும்பத்தில் அந்தச் சி செல்களில் தோன்றும் மெடுல்லரி வகைத் தைராய்டுப் புற்றுநோய் இருந்தால் இந்த ஊசி கூடவே கூடாது. பார்வை நரம்புக்கு இரத்தம் தடைப்பட்டுப் பார்வை பறிபோவது செமாகுளூட்டைடின் மிக அரிய பக்கவிளைவு, பத்தாயிரத்தில் ஒருவர் வரை, என்று அதே முகமை 2025இல் அறிவித்தது. திடீரென ஒரு கண்ணில் பார்வை மங்கினால் காலை வரை காத்திருக்கக் கூடாது.

வருடக் கணக்கில் பார்த்தவை? செலக்ட் என்ற ஆய்வில் 17,604 பேரைச் சராசரியாக நாற்பது மாதம் பின்தொடர்ந்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் ஆகியவை சேர்ந்து 20 சதவீதம் குறைந்தன. நான்கு ஆண்டு முடிவிலும் எடை சராசரியாகப் பத்து சதவீதம் குறைந்தே இருந்தது. ஃபென்ஃபுளூரமைன் பதம் பார்த்த அதே உறுப்பில் இந்த மருந்து நன்மை செய்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் வாசகியிடம் ஒன்றை மறைக்க மாட்டேன். அந்த ஆய்வில் இருந்தவர்கள் 45 வயதைத் தாண்டியவர்கள், ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்கள். இந்த மருந்துக் குடும்பத்துக்கு நீரிழிவில் 2005 முதல் இருபது வருட அனுபவம் உண்டு. 29 வயதில் எடைக்காகத் தொடங்கி 49 வரை இவ்வளவு உயர்ந்த அளவில் போட்டுக்கொண்ட மனிதர் எவரும் இன்னும் உலகில் இல்லை. இந்த அளவு 2021இல்தான் அனுமதி பெற்றது.

நிறுத்தினால் எடை திரும்பும் என்பதும் உண்மை. முதலில் சொன்ன 68 வார ஆய்வில் சிலரை ஊசி நிறுத்திய பிறகும் ஒரு வருடம் கவனித்தார்கள். குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. இதை மன உறுதி இல்லாதவர்கள் என்று பேசுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. கொழுப்பு குறைந்தால், கொழுப்புத் திசு சுரந்து பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோனும் குறைகிறது, பசி கூடுகிறது. உடம்பு பழைய எடைக்குத் தவிக்கிறது. இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவதை யாரும் ஒழுக்கக் குறைவு என்று சொல்வதில்லையே.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. மதுரையில் இருக்கும் என் அக்காவுக்கு 58 வயது. போன தீபாவளியிலிருந்து இதே வகை ஊசி போடுகிறார். ஞாயிறு காலை, குளிர்சாதனப் பெட்டியில் இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்திலிருந்து பேனா போன்ற அந்தக் குழலை எடுத்து, வயிற்றுச் சதையைப் பிடித்து, அழுத்தி, ஆறு வரை எண்ணுகிறார். இரண்டு இட்லியோடு தட்டைத் தள்ளிவிடுகிறார். பதினோரு கிலோ குறைந்திருக்கிறது, முகத்தில் மகிழ்ச்சி. அன்று மாலை தரையில் உட்கார்ந்து மல்லிகை கட்டினார். எழும்போது இடது கையைத் தரையில் ஊன்றினார், முழங்காலில் நின்றார், பிறகு சுவரைப் பிடித்தார். பூக்கூடையைக் கையில் வைத்தபடியே ஒரே வீச்சில் எழுகிறவர் அவர்.

அந்த 68 வார ஆய்வில் உடல் அமைப்பை ஸ்கேன் எடுத்துப் பார்த்த சுமார் 140 பேரில், செமாகுளூட்டைடு போட்டவர்களிடம் குறைந்த எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் கொழுப்பல்லாத திசு. அதில் நீரும் உண்டு, தசையும் உண்டு. இந்தியர்களுக்கு இயல்பிலேயே அதே எடையுள்ள ஐரோப்பியர்களைவிடத் தசை குறைவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 50 கிராம் புரதம் வேண்டும். இரண்டு இட்லியில் கிடைப்பது நான்கு கிராம் அளவுக்குத்தான். சாப்பாடு பாதியாகும்போது முதலில் முட்டையும் சுண்டலும் மீனும் தட்டில் விழ வேண்டும், சோறு பிறகு. மருத்துவரைக் கேட்டு எடை தூக்கும் பயிற்சியையும் தொடங்க வேண்டும். நிறுத்திய பின் திரும்பும் எடை பெரும்பாலும் கொழுப்பாகவே வரக்கூடும் என்பதால், விட்டு விட்டுப் போடுவதை நான் எவருக்கும் சொல்ல மாட்டேன்.

"ஊசியெல்லாம் ரசாயனம், மூலிகைப் பொடி போதும்" என்று வாசகியிடம் யாராவது சொல்வார்கள். சிபுட்ரமின் என்ற மாத்திரை மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டியதால் 2010இல் சந்தையை விட்டுப் போனது. அதன் பிறகு 'மூலிகை' என்று விற்ற மெலிவுப் பொடிகளில் அதையே கலந்திருப்பதை அமெரிக்க மருந்துத் துறை திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது. லேபிளில் அந்தப் பெயர் இருக்காது. இந்தியாவில் செமாகுளூட்டைடின் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான்; விலை இறங்கும்போது கைகள் பலவும் நீளும். சீட்டில்லாமல், மருத்துவர் முகம் பார்க்காமல் இதை வாங்கக் கூடாது.

கடிதத்தின் கடைசி வரிக்கு, மகளின் கல்யாணத்துக்கு, வருகிறேன். கர்ப்ப காலத்தில் இந்த மருந்து கூடாது. அல்புமினின் மேல் ஏறிக்கொண்ட அந்த நீண்ட பயணம் இங்கே கணக்கில் வரும். கடைசி ஊசிக்குப் பிறகு முதல் வாரத்தில் பாதி, இரண்டாம் வாரத்தில் கால், அப்புறம் அரைக்கால், வீசம்; ஐந்தாம் வாரத்தில் நூற்றில் மூன்று பங்கு. ஏழு வாரம்வரைகூட இரத்தத்தில் தடயம் இருக்கலாம். அதனால்தான் குழந்தைக்குத் திட்டமிடுவதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள். எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பும் பலருக்குக் கூடுகிறது, எதிர்பாராமலும் கூடுகிறது. எப்போது குழந்தை, அதுவரை என்ன கருத்தடை, ஊசியை எந்த மாதத்தோடு நிறுத்துவது என்று மகளும் மருத்துவரும் ஆவணிக்கு முன்பே உட்கார்ந்து பேசிவிடட்டும்.