மருந்துப் புட்டியில் ஒரு பதினொன்று

ஸ்பானிய மொழி கற்கத் தொடங்குகிறவர்கள் முதல் வாரத்திலேயே இருபது வரை எண்ணப் பழகிவிடுவார்கள். அதில் பதினொன்றுக்குப் பெயர் ‘ஒன்ஸே’. எழுதும்போது ஓ, என், சி, ஈ என்று நான்கே எழுத்து. அதே நான்கு எழுத்தை ஆங்கிலத்தில் ‘வன்ஸ்’ என்று படிக்கிறோம். ஒரு முறை என்று பொருள். வகுப்பறையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அமெரிக்காவில் மருந்தாளுநராக வேலை பார்க்கும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

இங்கே மருந்துச் சீட்டு பெரும்பாலும் கணினி வழியாகத்தான் வந்து சேர்கிறது. எப்படிச் சாப்பிட வேண்டும் என்ற வரியை மென்பொருளே ஸ்பானிய மொழிக்கு மாற்றி லேபிளாக அச்சிட்டுத் தந்துவிடும். வழக்கமான வாசகங்களுக்கு அதனுள் ஆயத்த மொழிபெயர்ப்பு இருக்கும். யாராவது தம் போக்கில் தட்டச்சு செய்த சொல் மட்டும் சில நேரம் ஆங்கிலமாகவே தங்கிவிடும். ‘தோமார் உனா தாப்லேத்தா ஒன்ஸே அல் தீயா.’ சொல்ல வந்தது, நாளைக்கு ஒரு முறை ஒரு மாத்திரை. படிப்பவர் கண்ணில் படுவது: ஒரு மாத்திரை, பதினொன்று, நாளைக்கு.

பதினொரு முறை என்றால் ‘ஒன்ஸே வேஸெஸ்’ என்றல்லவா வர வேண்டும், சந்தேகம் எழாதா என்று சக ஊழியர்கள் கேட்பதுண்டு. மருந்து லேபிளில் யார் இலக்கணம் பார்க்கிறார்கள்? முழுதும் ஆங்கிலத்தில் இருக்கும் லேபிளைவிடப் பாதி மொழிபெயர்த்த லேபிள்தான் எனக்கு அதிகப் பயம் தருகிறது. ஆங்கிலம் தெரியாதவர் ஆங்கில லேபிளைக் கண்டால் யாரிடமாவது காட்டிக் கேட்பார். தன் மொழியில் அச்சடித்ததைக் கண்டால் ஏன் கேட்கப் போகிறார்? அதில் ஒரு சொல் மட்டும் வேற்று மொழி என்று அவருக்கு எப்படித் தெரியும்? ‘தோமார்’ என்றால் எடுத்துக்கொள், சாப்பிடு. சிலி நாட்டில் ‘தோமார் ஒன்ஸே’ என்றால் மாலைச் சிற்றுண்டி சாப்பிடுவது! அந்த நாட்டுக்காரர் கையில் இந்தப் புட்டி கிடைத்தால் என்ன நினைப்பாரோ.

ஒரு பெரியவர் கொழுப்பு மாத்திரைப் புட்டியோடு வந்தார். பதினொன்று என்பதை அவர் பதினொரு மணி என்று புரிந்துகொண்டிருந்தார். காலை பதினொன்றா, இரவு பதினொன்றா என்பதுதான் அவருடைய ஐயம். நல்லவேளை, அந்த ஐயம் அவரைக் கவுன்டருக்கு அழைத்து வந்தது. புது லேபிள் ஒட்டிக் கொடுத்தேன்.

எல்லா மருந்திலும் இப்படித் தப்பிக்க முடியாது. ரத்த அழுத்தத்துக்கான மெட்டோப்ரோலாலைப் பதினொரு மடங்கு விழுங்கினால் இதயத் துடிப்பு அபாயகரமாகக் குறைந்துவிடும். முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் இன்னும் மோசம். அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டிய மருந்து. தவறுதலாகத் தினமும் சாப்பிட்டு, ரத்த அணுக்கள் குறைந்து இறந்தவர்கள் இருக்கிறார்கள். வாரத்துக்குப் பதினொன்று என்று படித்தால் தினமும் ஒன்று என்பதையும் தாண்டிவிடுகிறது.

இது எங்கோ நடக்கும் அபூர்வம் அன்று. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி மருந்தகங்களில் நடத்திய ஓர் ஆய்வு 2010இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வெளியானது. கணினி தந்த ஸ்பானிய லேபிள்களில் பாதியில் பிழை இருந்தது. வாய் என்ற சொல்லில் முதல் எழுத்து மாறி, கொஞ்சம் என்று பொருள்படும் சொல்லானதும் அவற்றில் ஒன்று. (தமிழில் எழுதினால் இரண்டுமே ‘போக்கா’தான்.) பிறகு நியூயார்க், கலிபோர்னியா மாநிலங்களில் மொழிபெயர்ப்பு பற்றிச் சட்டங்கள் வந்தன. ஆனால் சரிபார்ப்பவருக்கு ஸ்பானிய மொழி தெரியாவிட்டால், அவர் ஆங்கிலத் திரையைப் பார்த்துத்தான் கையெழுத்திடுவார். ஆங்கிலத்தில் எல்லாம் சரியாகவே இருக்கும்.

மருந்தகத்தில் வேலை செய்யும் நம்மவர்கள் ஸ்பானிய மொழியில் ஒரே ஒரு தொடரைக் கற்றுக்கொள்வதானால் ‘உனா வேஸ் அல் தீயா’ என்பதைக் கற்றுக்கொள்ளுங்கள். நாளைக்கு ஒரு முறை. வாரத்துக்கு ஒரு முறை என்றால் ‘உனா வேஸ் அ லா செமானா’. ஸ்பானிய லேபிளில் அந்த நான்கு எழுத்துச் சொல்லைக் கண்டால் நிறுத்திவிட்டு மூலச் சீட்டைப் பாருங்கள். புட்டியைக் கொடுக்கும்போது ‘புரிந்ததா’ என்று கேட்பதில் பயனில்லை, எல்லோரும் தலையாட்டுவார்கள். இன்றைக்கு எத்தனை மாத்திரை, எப்போது என்று எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதற்கும் மொழி தடையானால் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரை அழையுங்கள். கூட வந்த பத்து வயதுப் பிள்ளையை அந்த வேலைக்கு நிறுத்தாதீர்கள். வீட்டில் ஸ்பானிய மொழி பேசுகிற குழந்தைக்கும் பள்ளியில் அந்தச் சொல் ‘வன்ஸ்’தான், அது எந்தப் பக்கம் சாய்த்துப் படிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.