மேம்படுத்திய பின் திரை ஏன் கலங்குகிறது?

லினக்ஸ் இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றிக் கணினியை மீண்டும் இயக்கியதும், நேற்றுவரை துல்லியமாக இருந்த திரையில் எழுத்துகள் பருத்தும் ஓரங்கள் கலங்கியும் தெரிவதுண்டு; அமைப்புகளைத் திறந்தால் 1024×768 என்ற ஒரே அளவுதான் தேர்வுக்கு இருக்கும். உடனே பலரும் சந்தேகிப்பது மானிட்டரை. பெரும்பாலும் அதன்மேல் பழியில்லை.

மானிட்டர் தன்னைப் பற்றிய விவரத்தைத் தானே வைத்திருக்கிறது. அதற்குள் இருக்கும் சிறு நினைவகத்தில் ஈடிஐடி எனப்படும் 128 பைட் குறிப்பு பதிந்திருக்கும். திரைகளுக்கான தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு 1994-இல் வகுத்த முறை இது. தொடக்கத்தில் ஒரு பூஜ்ஜியம், ஆறு முறை 255, மறுபடி ஒரு பூஜ்ஜியம் என்று வந்தால்தான் அது ஈடிஐடி. 128 பைட்டுகளின் கூட்டுத்தொகை 256-ஆல் மீதியின்றி வகுபடாவிட்டால், தகவல் வழியில் சிதைந்துவிட்டது என்று பொருள்.

திரைக்கு உகந்த அளவும் வேகமும் இதன் நடுவில் இருக்கின்றன. 1920×1080 திரையை நொடிக்கு 60 முறை வரைய, கணினி உண்மையில் 2200×1125 புள்ளிகளுக்கான நேரத்தைச் செலவிடுகிறது. மிகுதி நேரம், படக்குழாய்க் காலத்தில் எலக்ட்ரான் கற்றை அடுத்த வரிக்குத் திரும்பத் தேவைப்பட்ட இடைவெளியின் எச்சம். குழாய் போயும் இடைவெளி போகவில்லை. 2200, 1125, 60 மூன்றையும் பெருக்கினால் 148.5 மெகாஹெர்ட்ஸ். இதை 10 கிலோஹெர்ட்ஸ் அலகில் 14850 என்றாக்கி, 2, 58 என இரண்டு பைட்டுகளாக எழுதியிருப்பார்கள்: 58×256+2.

ஈடிஐடியைப் படித்து அதன்படி திரையை அமைப்பது, கிராபிக்ஸ் அட்டையை இயக்கும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவரின் வேலை. லினக்ஸில் இப்பொறுப்பு 2009-இல் வெளிவந்த 2.6.29 பதிப்பு முதல், இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலுக்குள் வரத் தொடங்கியது. தயாரிப்பாளர் தனியாக வழங்கும் டிரைவர் குறிப்பிட்ட கெர்னல் பதிப்புக்கெனத் தொகுக்கப்படுவதால், மேம்படுத்தலில் கெர்னல் மாறியதும் பழைய தொகுப்பு ஏறாது. அப்போது இயங்குதளம், கணினி தொடங்கும்போது அதன் தாய்ப்பலகையிலுள்ள ஃபர்ம்வேர் மென்பொருள் அமைத்துவைத்த படப்பரப்பையே அப்படியே பயன்படுத்துகிறது. அதன் அளவை மாற்ற அதற்கு வழி தெரியாது; ஒரே அளவு மட்டும் தெரிவது இதனால்தான்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, டிரைவர் ஏறியிருக்கிறதா என்பதையே. தொகுக்கத் தேவையான, புதிய கெர்னலின் ஹெடர் கோப்புகள் இல்லாவிட்டால், கெர்னல் மாறும்போது டிரைவரைத் தானாகத் தொகுக்கும் டிகேஎம்எஸ் என்ற கருவியால் அதை மறுபடி தொகுக்க முடியாது. முன்பு எப்போதோ கெர்னலின் தொடக்க வரியில் சேர்த்த, டிரைவர் திரையை அமைப்பதைத் தடுக்கும் ‘நோமோட்செட்’ அங்கேயே கிடக்கலாம். திரைக்காட்சியைக் கவனிக்கும் எக்ஸ்ஆர்க் மென்பொருளுக்காகக் கையால் எழுதிய பழைய அமைப்புக் கோப்பு, இப்போது இல்லாத டிரைவரைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அதை அழிக்காமல் பெயர் மாற்றி ஒதுக்கிவைப்பது நல்லது.

இவற்றைப் பார்க்காமல், திரை அளவை மாற்றும் எக்ஸ்ரேண்டர் கட்டளையால் புதிய அளவைத் திணிப்பது வீண்முயற்சி. டிரைவர் சரியாக ஏறியும், நீண்ட கேபிளாலோ இடையிலுள்ள சுவிட்சாலோ ஈடிஐடி சிதைந்து வருகிறது என்றால்தான் அந்தக் கட்டளைக்கு வேலை உண்டு, அதுவும் எக்ஸ்ஆர்க் இயங்கும் எக்ஸ் சூழலில் மட்டும்.