டயக்னோசிஸ்னா என்ன? தமிழ்ல என்னன்னு சொல்லலாம்?

எங்க அத்தை போன வாரம் போன்ல "டயக்னோசிஸ் எடுத்தாச்சுப்பா, எல்லாம் நார்மல்"னு சொன்னாங்க. ரத்தம் குடுத்ததையும் ஸ்கேன் எடுத்ததையும்தான் அவங்க டயக்னோசிஸ்ங்குறாங்க. அவங்க மேல தப்பே இல்ல, தெருவுக்குத் தெரு டயக்னோஸ்டிக் சென்டர்னு போர்டு தொங்குது, உள்ள போனா நடக்குறது எல்லாம் டெஸ்ட்தான், அப்ப யாரா இருந்தாலும் அந்த வார்த்தைக்கு டெஸ்ட்னுதான் அர்த்தம் எடுத்துப்பாங்க. ஆனா இந்தக் குழப்பத்தால நிறைய வீட்ல ரிப்போர்ட் நார்மல்னு வந்ததும் தேடுறதையே விட்டுடுறாங்க, தொந்தரவு மட்டும் அப்படியே இருக்கு.

சொல் கிரேக்கத்துலேர்ந்து வந்தது. 'தியா'ன்னா பிரிச்சு, 'க்னோசிஸ்'னா அறிதல். ஒண்ணு மாதிரியே இன்னொண்ணு தெரியுறப்ப ரெண்டையும் பிரிச்சுப் பார்த்து இது இன்னதுன்னு அறியுறது. அந்த 'க்னோ'வும் சமஸ்கிருதத்துல இருக்குற 'ஞா'வும் ஒரே வேர்தான், நாம சொல்ற ஞானம் அந்த 'ஞா'வுலேர்ந்து வந்தது. விஞ்ஞானம்ங்குற சொல்லும் இதே மாதிரி கட்டினதுதான், அங்க 'வி'ன்னா பிரிச்சு. நேரா தமிழாக்கினா பகுத்தறிதல்னு வரும், எவ்வளவு பொருத்தம் பாருங்க, ஆனா பகுத்தறிவுங்குற சொல் நம்ம ஊர்ல வேற பெரிய அர்த்தத்துல ஊறிப்போச்சு, அதை இனிமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வர முடியாது.

பிரிச்சு அறியுறது எவ்வளவு கஷ்டம்னு தெரியணும்னா வில்சன் நோயை எடுத்துக்கலாம். 1912-ல சாமுவேல் அலெக்சாண்டர் கின்னியர் வில்சன்ங்குற நரம்பியல் டாக்டர் விரிவா எழுதினதால அந்தப் பேர். சுமார் முப்பதாயிரம் பேர்ல ஒருத்தருக்கு வரும்னு சொல்லுவாங்க. சாப்பாட்டுல வர்ற தாமிரத்துல மிச்சமானதை கல்லீரல் பித்தத்தோட வெளிய அனுப்பணும், அதுக்கான மரபணு ரெண்டு பிரதியும் பழுதா இருந்தா அனுப்ப முடியாம தாமிரம் கல்லீரல்ல சேர்ந்து, அப்புறம் மூளைக்கும் கண்ணுக்கும் போயிடும். வெளிய எப்படித் தெரியும்னா, நல்லா எழுதிட்டிருந்த பையனோட நோட்டைத் திருப்பினா பக்கம் போகப் போக எழுத்து கோணலாகும், பேச்சு குழறும், காரணமே இல்லாம கோவம் வரும். பரீட்சை பயம்னு ஒருத்தர் சொல்லுவார், மனநலப் பிரச்சனைன்னு இன்னொருத்தர், மஞ்சள் காமாலைன்னு வேற ஒருத்தர். ஒவ்வொருத்தர் சொல்றதும் கேக்க சரியாத்தான் இருக்கும்.

இதுங்கள்லேர்ந்து வில்சன் நோயைப் பிரிச்சுக் காட்டுறது பல நேரம் கண்ணுதான். கண் டாக்டர்கிட்ட இருக்குற ஸ்லிட் லாம்ப்ங்குற கருவியோட வெளிச்சத்துல பார்த்தா கருவிழி ஓரத்துல பச்சையும் பழுப்பும் கலந்த ஒரு வளையம் தெரியும், கைசர் ஃப்ளைஷர் வளையம்னு பேரு. நம்ம கருப்புக் கண்ணுல வெறும் கண்ணால பார்த்தா சுலபமா தெரியாது. ரத்தத்துல தாமிரத்தைச் சுமக்குற செருலோபிளாஸ்மின்ங்குற புரதத்தோட அளவு, 24 மணி நேர சிறுநீர்ல தாமிரம், இதெல்லாம் வழக்கமான செக்கப் பேக்கேஜ்ல வராது, டாக்டர் சந்தேகப்பட்டு எழுதினாதான் லேப்ல எடுப்பாங்க. அதாவது டயக்னோசிஸ் அந்தச் சந்தேகத்துலயே ஆரம்பிச்சிடுது, டெஸ்ட் அதுக்குப் பின்னாடி வர்ற வேலை.

இப்ப தமிழுக்கு வருவோம். நோயறிதல், நோய் கண்டறிதல், நோய் நிர்ணயம்னு பல சொல் புழக்கத்துல இருக்கு, எதுவும் தப்பில்ல. எனக்கு மனசுக்கு ஒட்டுறது நோய் நாடல். சித்த மருத்துவக் கல்லூரிகள்ல இந்தப் பேர்லயே பாடம் இருக்கு. "நோய்நாடி நோய்முதல் நாடி அதுதணிக்கும் வாய்நாடி வாய்ப்பச் செயல்"ங்குற குறள் எல்லாருக்கும் தெரியும், ஆனா அதுல வர்ற நாடியை கைல பிடிச்சுப் பார்க்குற நாடின்னு நினைக்கிறவங்க இன்னும் இருக்காங்க. அது வேற சொல். இங்க நாடின்னா தேடி, ஆராய்ஞ்சு.

மூணு தடவை நாடுன்னு சொல்றார் பாருங்க, அது வில்சன் நோய்க்கு அப்படியே பொருந்துது. கை நடுக்கத்துக்கு மட்டும் மாத்திரை குடுத்தா ஒண்ணாவது நாடியோட நின்னுட்டோம். தாமிரம்தான் நோய்முதல், அதாவது நோய்க்குக் காரணம்னு கண்டுபிடிச்சாத்தான் மூணாவதான தணிக்குற வழிக்குப் போக முடியும். 1956-ல ஜான் வால்ஷ்ங்குற டாக்டர், பெனிசிலின் உடம்புல சிதையுறப்ப வர்ற பெனிசிலமைன்ங்குற பொருளைக் குடுத்து தாமிரத்தை சிறுநீர் வழியா வெளியேத்த முடியும்னு காட்டினார். இப்ப துத்தநாகம், ட்ரையென்டின்ங்குற மருந்துகளும் இருக்கு, மருந்தை ஆயுசுக்கும் விடக் கூடாது. செம்புப் பாத்திரத்துல வெச்ச தண்ணி இவங்களுக்கு வேண்டாம்னு சொல்லுவாங்க. கூடப் பிறந்தவங்களுக்கும் வர நாலுல ஒரு வாய்ப்பு இருக்கு, அதனால அவங்க நல்லா இருந்தாலும் பார்த்தே ஆகணும், சொந்தத்துல கல்யாணம் பண்ற நம்ம பக்கம் இதை அழுத்தியே சொல்றேன்.

ஒரே ஒரு குறை, டயக்னோசிஸ்ங்குற ஒத்தைச் சொல் தேடுறதையும் குறிக்கும், தேடிக் கிடைச்ச முடிவையும் குறிக்கும். தமிழ்ல தேடுறதுக்கு நோய் நாடல், முடிவுக்கு நோய் நிர்ணயம்னு பிரிச்சு வெச்சுக்கலாம்ங்குறது என் யோசனை. பேச்சுல அதுவும் வேணாம், நம்ம வீடுகள்ல ஏற்கனவே ஒரு நல்ல வார்த்தை இருக்கு. அத்தைகிட்ட அடுத்த தடவை அதை வெச்சுதான் கேக்கப் போறேன், "டெஸ்ட் எடுத்தாச்சு சரி, என்னன்னு பிடிபட்டுச்சா அத்தை?"