படபடப்பு அடங்க 20 நிமிடம்

மதுரை தெப்பக்குளம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "வட்டிப் பணத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே வீட்டில் சண்டை. எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. அவர் கொஞ்ச நேரம் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டு வெளியே போய்விடுகிறார். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்கிறார் மாமியார்."

செய்வினை இல்லை அம்மா. இதயத்தின் பிரேக் விட்டுப்போகிறது.

இதயத்துக்குத் துடிப்பைக் கொடுப்பது வலது மேலறையில் உள்ள எஸ்.ஏ. கணு என்பது பள்ளிப் பாடம். எந்த நரம்பும் தொடாமல் விட்டால் அது நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கவைக்கும். சும்மா உட்கார்ந்திருப்பவரின் நாடியோ 70 சொச்சம்தான். மீதியை இழுத்துப் பிடித்திருப்பது மூளைத்தண்டிலிருந்து இறங்கிவரும் வேகஸ் நரம்பு.

எப்படிப் பிடிக்கிறது? 1921-இல் ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி இரண்டு தவளை இதயங்களை உப்புக் கரைசலில் துடிக்கவிட்டார். ஒன்றில் வேகஸ் நரம்பு ஒட்டியிருந்தது, மற்றதில் இல்லை. முதல் இதயத்தின் நரம்பை மின்சாரத்தால் தூண்டினார், துடிப்பு குறைந்தது. அதைச் சுற்றியிருந்த கரைசலை எடுத்து இரண்டாவது இதயத்துக்குக் கொடுத்தார். நரம்பே இல்லாத அந்த இதயமும் மெதுவானது! நரம்பு மின்சாரத்தால் அடக்கவில்லை, ஏதோ ஒரு வேதிப்பொருளைக் கசியவிடுகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அதுதான் அசிட்டைல்கோலின். 1936-இல் நோபல் பரிசு.

அது ஒரு துடிப்புக்குள் வேலையைக் காட்டிவிடும். ஒரு நொதி உடனே அதை உடைத்தும்விடும். அதனால் இந்த பிரேக்கை மூச்சுக்கு மூச்சு மாற்ற முடிகிறது. மணிக்கட்டில் விரல் வைத்து மெதுவாக மூச்சு இழுத்துப் பாருங்கள்: நாடி சற்று விரையும். விடும்போது தணியும். இளவயதினரிடம் இது நன்றாகவே தெரியும்.

சண்டையில் இந்தப் பிடி தளர்கிறது. கூடவே இதயத்தை விரட்டும் அட்ரினலின் ஹார்மோன் ரத்தத்தில் கலக்கிறது. பின்னாலேயே வரும் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் உச்சம் தொட 20, 30 நிமிடம் ஆகும். தம்பதிகளைப் பேசவைத்து அவர்களின் இதயத்துடிப்பைப் பதிவுசெய்து ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன். நாடி 100-ஐத் தாண்டினால் எதிராளி சொல்வது காதில் ஏறாது, குறைந்தது 20 நிமிடமாவது பேச்சை நிறுத்துங்கள் என்பது அவர் யோசனை. கல்லாக உட்கார்ந்திருப்பவருக்கும் உள்ளே இதே ஓட்டம்தான் இருக்கக்கூடும்.

நாடியை 15 விநாடி எண்ணுங்கள். 25-க்கு மேல் போனால் பேச்சை நிறுத்தலாம். சொல்லாமல் எழுந்து போவதுதான் புண்படுத்தும். "எட்டரைக்கு வந்து பேசுறேன்" என்று நேரம் சொல்லிவிட்டுப் போகவேண்டும். தெப்பக்குளத்தின் ஒரு பக்கம் சுமார் 300 மீட்டர். நிதானமாக ஒரு சுற்று நடந்தால் ஏறத்தாழ 20 நிமிடம். வீட்டிலிருப்பவர் 4 விநாடி இழுத்து 6 விநாடி விடட்டும், நிமிடத்துக்கு ஆறு மூச்சு. வேகவேகமாக ஆழ்ந்து இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல்நுனி மரமரக்கும். நடக்கும்போதே "அவ இப்படிச் சொன்னாளே" என்று மனதுக்குள் சண்டையைத் தொடர்ந்தால் எத்தனை சுற்று சுற்றினாலும் படபடப்பு இறங்காது. ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்கள் நாடிக் கணக்கை நம்பவேண்டாம். மருந்து அதை ஏறவிடாது.

அடி, மிரட்டல் இருக்கும் வீட்டுக்கு இந்த வழி பொருந்தாது. அங்கே பெண்கள் உதவி எண் 181.

செய்வினை எடுக்கிறேன் என்பவரிடம் கொடுக்கும் பணம் வட்டிக்கடனை இன்னும் ஏற்றும். 2001-இல் ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். அதற்குப் பிறகும் மனத்துயரைப் பேயென்று சொல்லி நடக்கும் வியாபாரத்தை என்னால் பொறுக்க முடியவில்லை. இரண்டு வாரமாகத் தூக்கமும் பசியும் இல்லையென்றால், அல்லது வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும், 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவும் இருக்கிறது.