ஓடைக் கற்களுக்கு அடியில் வாழும் சாட்சிகள்

மலையோடையின் நீர் கண்ணாடிபோலத் தெளிந்திருந்தால் அது தூய்மையானது என்று நம்புவது நம்மிடையே வேரூன்றிய வழக்கம். நீர்நிலைகளை ஆய்வு செய்யும் பணியில் இருப்பதால், இந்த நம்பிக்கை எனக்குக் கவலையளிக்கிறது. பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பும் மாதிரிகூட, அதைப் பிடித்த வேளையில் நீர் இருந்த நிலையை மட்டுமே சொல்லும். இரவில் திறந்துவிட்ட கழிவும், முதல் மழையில் தோட்டங்களிலிருந்து வழிந்த பூச்சிக்கொல்லியும் மறுநாள் காலை மாதிரியில் அகப்படாமல் போகலாம். ஆனால், கற்களுக்கு அடியில் மாதக்கணக்கில் வாழும் சிற்றுயிர்கள் அவை அனைத்தையும் தாங்கியாக வேண்டும். தாங்க முடியாதவை அவ்விடத்திலிருந்து மறைந்துவிடும்.

மேற்குத் தொடர்ச்சி மலையில், மரநிழலில் விரைந்தோடும் நல்ல ஓடையொன்றில் உள்ளங்கையளவுக் கல்லைத் திருப்பிப் பார்த்தால், தட்டையான உடலும் வயிற்றின் இருபுறமும் இடைவிடாது அசையும் செவுள்களும் கொண்ட, மேஃப்ளை என்னும் பூச்சியின் இளவுயிரி கல்லோடு ஒட்டியபடி பக்கவாட்டில் நழுவி ஓடும். அருகிலேயே, மணல்துகள்களைத் தன் பட்டிழையால் ஒட்டிக் கட்டிய கூட்டுக்குள் கேடிஸ்ஃப்ளை என்னும் பூச்சியின் புழு இருக்கும். இரண்டு வால்களையுடைய, ஸ்டோன்ஃப்ளை என்னும் பூச்சியின் இளவுயிரியும் கிடைத்துவிட்டால் எனக்கு அது மனநிறைவான நாள். மாசுக்கு முதலில் பலியாகும் உயிர்களில் அதுவும் ஒன்று. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஆக்சிஜன் மிகுந்த நீர் தேவை. 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது 7.5 ஆகக் குறைகிறது. ஆகவே, கழிவு எதுவும் கலக்காவிட்டாலும், கரையோர மரங்களை வெட்டி நீரைச் சூடாக்குவதே இவ்வுயிர்களை நெருக்கடிக்குள் தள்ளிவிடும்.

சாக்கடை கலக்கும் இடத்தில் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுவதால் காட்சி அடியோடு மாறுகிறது. மீன்தொட்டி வைத்திருப்போர் தீவனமாக வாங்கும் டியூபிஃபெக்ஸ் புழுக்களும், ஹீமோகுளோபினால் சிவந்த ரத்தப்புழுக்களும் அங்கே சேற்றில் மண்டிக் கிடக்கும்.

இத்தகைய உயிரினங்களைக் கொண்டு மாசை மதிப்பிடும் முறையை ஜெர்மனியில் கோல்க்விட்ஸ், மார்சன் ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் 1908, 1909 ஆண்டுகளில் வகுத்தனர். பின்னர் பிரிட்டனில், ஒவ்வொரு உயிரினக் குடும்பத்துக்கும் அதன் தாங்குதிறனைப் பொறுத்து 1 முதல் 10 வரை மதிப்பெண் வழங்கும் முறை உருவானது. நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் அதைத் தழுவிய முறையைக் கையாள்கிறது.

வழக்கமான வேதிச் சோதனைகளில் கவனம் பெறாத ஒரு கேடு வண்டல். சாலை வெட்டும்போது சரியும் மண் கற்களின் இடுக்குகளை அடைத்துவிட்டால், நீர் பிறகு தெளிந்தாலும் அவ்வுயிர்களுக்கு ஒதுங்க இடமிருக்காது.

சிற்றுயிர்களைக் கொண்டு ஓடையை மதிப்பிடும் இம்முறையைப் பள்ளிகளும் ஊர்க்குழுக்களும் ஒரு வலையும் வெள்ளைத் தட்டும் கொண்டு தொடங்கலாம். ஆனால், மழைக்கால வெள்ளம் முடிந்த உடனே பார்த்தால் நல்ல ஓடையும் வெறுமையாகத் தோன்றும். மணற்பாங்கான ஓடையைப் பாறை ஓடையோடு ஒப்பிடுவதும் தவறு. மேஃப்ளை நிறைந்த நீரிலும் மலக்கிருமிகள் இருக்கக்கூடும் என்பதால், அதைக் குடிக்கலாமா என்று முடிவு செய்வதற்குக் அக்கிருமிகளுக்கான கோலிஃபார்ம் சோதனையைத் தனியே செய்தே ஆக வேண்டும்.